காலுக்கும் பலகைக்கும் நடுவே

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021 ஜூலையில் நடந்த அந்தப் போட்டியில், பெண்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வென்ற பிரேசிலின் ரேஸா லீயலுக்கும் வயது 13. தொலைக்காட்சியில் பார்த்த பலரை வயதைவிட வேறொன்று திகைக்க வைத்தது. ஓடிவரும் பலகை, சிறுமி எம்பிக் குதித்ததும் அவள் காலோடு சேர்ந்தே எழும்புகிறது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் ஏறிச் சறுக்குகிறது. தரைக்கு வரும்போதும் காலுக்கடியிலேயே இருக்கிறது. கையால் அவள் அதைத் தொடுவதே இல்லை. பனிச்சறுக்குப் பலகை என்றால் பூட்ஸைப் பிணைக்கப் பட்டை உண்டு. இதில் பட்டையும் இல்லை, கொக்கியும் இல்லை.

இருப்பது ஒரு கறுப்புத் தாள். பலகையின் மேல்பக்கம் முழுக்க ஒட்டியிருக்கும், தொட்டால் சொரசொரக்கும். கிரிப் டேப் என்று பெயர்.

கால் வழுக்காமல் இருக்கத்தான் அதை ஒட்டுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அது தப்பில்லை, ஆனால் அதோடு முடிவதும் இல்லை. பலகையைத் தூக்குவது, திருப்புவது, காற்றில் சுழற்றுவது, சுழன்று வந்ததை மறுபடி காலால் பிடிப்பது எல்லாமே இந்தத் தாள் வழியாக நடக்கிறது. ஸ்கேட்போர்டின் வரலாற்றை எழுதுபவர்கள் சக்கரத்துக்கு ஓர் அத்தியாயம், பலகையின் வடிவத்துக்கு ஓர் அத்தியாயம் கொடுப்பார்கள். கிரிப் டேப்புக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். இன்றைக்கு நாம் பார்க்கும் ஸ்கேட்போர்டிங்கில் பெரும்பகுதி அது இல்லாமல் பிறந்தே இருக்காது என்பதால், இந்தப் புறக்கணிப்பு நியாயமில்லை.

பெயின்ட் வேலை செய்பவர்கள் ஹார்டுவேர் கடையில் ‘80 நம்பர் உப்புத்தாள்’ என்று கேட்டு வாங்குவார்கள். கிரிப் டேப்பின் சொரசொரப்பும் பெரும்பாலும் அந்த 80 நம்பரை ஒட்டித்தான் இருக்கும். நம்பர் ஏற ஏற மணி பொடியாகும். 80 நம்பரில் ஒரு மணி சுமார் 0.2 மில்லிமீட்டர். அப்படியானால் உப்புத்தாளையே வாங்கிப் பசை தடவிப் பலகையில் ஒட்டிவிடலாமே என்றால், முடியாது. சாதாரண உப்புத்தாளின் முதுகு காகிதம். ஈரம் பட்டால் ஊறும், மடங்கும் இடத்தில் கிழியும். கிரிப் டேப்பின் முதுகு தண்ணீர் ஊறாதது, வளைந்து கொடுப்பது. அதன்மேல் ரெசின் பூசி, மணிகளை அதில் பதித்து இறுக்கியிருப்பார்கள். அடிப்பக்கம், அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பசை. பசையை மூடி, உரித்தெடுக்க ஒரு வழவழப்பான காகிதம். வழக்கமான தாளின் அகலம் 9 அங்குலம், நீளம் 33 அங்குலம்.

அந்த மணிகளின் கதை ஸ்கேட்போர்டைவிட மிகப் பழையது. 1891ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கையாக வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் பொடித்த கல்கரியையும் கலந்து இரும்புக் கிண்ணத்தில் இட்டு, அதில் செருகிய கரித்தண்டின் வழியே பலத்த மின்சாரத்தைப் பாய்ச்சினார். ஆறிய பிறகு பார்த்தால், அந்தத் தண்டைச் சுற்றிப் பளபளக்கும் சிறு படிகங்கள். வைரம் அல்ல. ஆனால் கண்ணாடியில் கீறினால் கோடு விழுந்தது. சிலிக்கானும் கரியும் சேர்ந்த அந்தப் பொருளுக்கு அவர் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். வேதியியலில் அதன் பெயர் சிலிக்கான் கார்பைடு. பூமியில் அது இயற்கையாகக் கிடைப்பது மிக அரிது. அரிசோனாவில் விழுந்த விண்கல்லின் துண்டுகளை ஆராய்ந்தபோதுதான் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி மொய்சான் இயற்கையில் அதை அடையாளம் கண்டார். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால், இதற்கு 9க்கும் 9.5க்கும் இடைப்பட்ட இடம்.

கடினம் மட்டும் இருந்தால் போதாது. சிலிக்கான் கார்பைடு உடையும்போது உருண்டையாகத் தேயாமல் புதிய கூர்முனைகளோடு உடைகிறது. காலணியின் ரப்பர் அந்த முனைகளுக்கு இடையே அமுங்கிப் பொருந்திக்கொள்கிறது. கால் பலகையைப் ‘பிடிக்கிறது’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த மாதிரி நாடாவை முதலில் யாரும் விளையாட்டுக்காகச் செய்யவில்லை. படிக்கட்டு விளிம்பு, தொழிற்சாலைத் தரை, படகுத் தளம் என்று ஆட்கள் வழுக்கி விழும் இடங்களில் ஒட்டத்தான் அது வந்தது. அத்துறையில் பேர்பெற்ற 3எம் நிறுவனமே ஒரு தோல்வியில் தொடங்கியது. 1902ல் மினசோட்டாவில் கொரண்டம் என்ற கடினக் கனிமத்தை வெட்டியெடுக்கலாம் என்று நம்பிச் சிலர் சுரங்கம் தொடங்கினார்கள். கிடைத்தது வேறு கல். சாணை பிடிக்க அது உதவாது. பிழைக்க வழி தேடி உப்புத்தாள் தயாரிப்புக்கு மாறினார்கள். இன்று ஸ்கேட்போர்டு உலகில் பழகிய பெயரான ஜெஸப்பும் இதே வழியில் வந்ததுதான். இல்லினாய் மாநிலத்தின் மெக்ஹென்றி ஊரிலுள்ள அந்த நிறுவனம் கட்டடங்களுக்கான வழுக்காத நாடாக்களையும் தயாரிக்கிறது.

பலகைக்கு அந்த நாடா வந்து சேர நாளானது.

1950களில் கலிபோர்னியாவின் கடற்கரை இளைஞர்கள், அலை இல்லாத நாட்களில் ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைக் கழற்றி மரப்பலகையில் பூட்டித் தெருவில் சறுக்கினார்கள். கடலில் வெறுங்காலோடு அலையேறியவர்கள் தெருவிலும் வெறுங்காலோடுதான் நின்றார்கள். 1965 மே 14ஆம் தேதியிட்ட ‘லைஃப்’ இதழின் அட்டையில், அமெரிக்காவின் முதல் தேசியப் பெண் சாம்பியனான பாட்டி மெக்கீ ஓடும் பலகையில் தலைகீழாகக் கைகளை ஊன்றி நிற்கிறார். கால்கள் ஆகாயத்தை நோக்கி, காலணி இல்லை. அன்றைய ஸ்கேட்போர்டிங் எப்படி இருந்தது என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும். தட்டையான பலகை, அதன்மேல் சமநிலை, நளினம். பலகையைத் தரையிலிருந்து தூக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. களிமண் கலவைச் சக்கரம் சின்னக் கல் குறுக்கிட்டாலே நின்றுவிடும், ஆள் முன்னால் பறப்பார். அமெரிக்க மருத்துவச் சங்கம் எச்சரித்தது, பல நகரங்கள் தடை போட்டன, மோகமும் அடங்கியது.

1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்த்தி பாலியூரித்தேன் சக்கரங்களைக் கொண்டுவந்ததும் எல்லாம் மாறியது. ரப்பரின் மென்மையும் பிளாஸ்டிக்கின் உறுதியும் கொண்ட அந்தச் சக்கரம் தரையைக் கவ்வியது. சக்கரம் கவ்வினால் வேகம் கூடும், வளைவும் கூர்மையாகும். அப்போது முதலில் நழுவுவது கால்தான். வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவிக் காயவிட்டார்கள். உப்புத்தாளைத் துண்டு போட்டு ஒட்டினார்கள். படிக்கட்டு நாடாவை வாங்கி வெட்டிக் கால் வைக்கும் இடத்தில் மட்டும் பட்டை பட்டையாகப் பதித்தார்கள். 1976, 77ல் கலிபோர்னியாவை வறட்சி வாட்டியபோது வீடுகளின் நீச்சல்குளங்கள் வற்றிக் கிடந்தன. டோனி ஆல்வா என்ற ஸ்கேட்டரும் கூட்டாளிகளும் சொல்லாமல் கொள்ளாமல் அவற்றில் இறங்கி, செங்குத்துச் சுவரில் ஏறி விளிம்பைத் தாண்டிப் பறந்தார்கள். பறக்கும்போது பலகை கழன்றுவிடாதிருக்கக் கையால் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கையை எடுத்துவிட்டவர் ஆலன் கெல்ஃபேண்ட். ஃப்ளோரிடாவைச் சேர்ந்த அந்தப் பையனை எல்லாரும் ஓலி என்று கூப்பிடுவார்கள். 1978 வாக்கில், குழிவான சுவரின் விளிம்பில் கையைப் பயன்படுத்தாமலே பலகையோடு எழும்பும் வித்தையை அவர் கண்டுபிடித்தார். வித்தைக்கு அவர் பெயரே நிலைத்தது. 1982ல் இன்னொரு ஃப்ளோரிடாக்காரர் ராட்னி மல்லன் அதைத் தட்டைத் தரையில் செய்து காட்டினார். சுவரின் உதவி இல்லை, சரிவு இல்லை. வெறும் சமதரையிலிருந்து பலகை எழுந்தது.

ஓலி என்ற இந்த ஒரு செயலைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஸ்கேட்டர் முழங்காலை மடக்கிக் குனிகிறார். பின்காலின் முன்பாதம் பலகையின் பின்முனையான வாலை ஓங்கி மிதிக்கிறது. கிட்டிப்புள்ளில் புள்ளின் நுனியை அடித்தால் அது துள்ளி எழுமே, அப்படி வால் தரையில் அடிபட்டதும் முன்முனையான மூக்கு மேலே எழுகிறது. ஆனால் கிட்டிப்புள் தன்பாட்டுக்குப் பறந்து போய்விடும். பலகை அப்படிப் போய்விடக் கூடாது. இங்கேதான் முன்கால் வருகிறது. கணுக்காலை உள்பக்கமாகச் சாய்த்து, காலணியின் வெளிப்பக்க ஓரத்தைக் கிரிப் டேப்பில் அழுத்தி, மூக்கை நோக்கி இழுக்கிறார் ஸ்கேட்டர். ‘சர்ர்’ரென்று ஓர் உரசல் சத்தம் கேட்கும். அந்த உரசல்தான் செங்குத்தாக நின்ற பலகையைக் காலோடு மேலே இழுத்து, காற்றிலேயே தட்டையாக்குகிறது. பின்காலுக்கடியில் வாலும் எழுந்து வருகிறது. பலகையைத் தூக்கும் விசை வாலின் அடியிலிருந்து கிடைக்கிறது. அதற்கு வழி சொல்வது உரசல்.

வழவழப்பான பலகையில் இதைச் செய்தால் முன்கால் எதையும் இழுக்காமல் நழுவிப் போகும். பசை தடவிய மாதிரி முழுக்க ஒட்டிக்கொள்ளும் பரப்பிலும் செய்ய முடியாது, கால் நகராது. தாள் பிடிக்கவும் வேண்டும், அதே நொடியில் விடவும் வேண்டும். மல்லன் அடுத்து உருவாக்கிய கிக்ஃப்ளிப்பில் இது இன்னும் நுணுக்கம். முன்கால் மேலே இழுத்துக்கொண்டே வந்து, மூக்கருகே பலகையின் ஓரத்தைச் சுண்டி விலகுகிறது. பலகை நீளவாக்கில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்பும்போது, மேல்பக்கம் வந்த கணத்தில் இரண்டு காலும் அதை அமுக்கிப் பிடிக்கின்றன. இழுப்பு, சுண்டல், பிடிப்பு மூன்றுக்கும் ஒரே தாள். கிரிப் டேப்பின் பெருமை அது எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதில் இல்லை. எந்தச் சாய்வில் எவ்வளவு பிடிக்கும் என்று கால் முன்கூட்டியே அறிந்துகொள்ள விடுகிறதே, அதில்தான் இருக்கிறது.

ஓலி தெருவுக்கு வந்ததும் 1980களில் நாடஸ் காவ்பஸ், மார்க் கன்சாலஸ் போன்றவர்கள் நடைபாதை விளிம்பு, பெஞ்சு, கைப்பிடிக் கம்பி என்று ஏறத் தொடங்கினார்கள். அதுவரை தாளைக் கோலமாக வெட்டி, இடையிடையே பலகையின் நிறம் தெரிய ஒட்டுவது நாகரிகமாக இருந்தது. மூக்கு, வால், நடு என எல்லா இடத்திலும் கால் உரச வேண்டிய காலம் வந்தபோது அந்த இடைவெளிகள் மறைந்தன. பலகை முழுக்கக் கறுப்பானது.

இதற்கான விலையைக் காலணி கொடுத்தது. புதிதாகத் தாள் ஒட்டிய பலகையில் சாதாரணத் துணிக் காலணியோடு ஓலி பழகுபவர், முன்கால் சுண்டுவிரலுக்கு மேலே துணி நைந்து நூல் பிரிவதைச் சீக்கிரமே பார்ப்பார். பிறகு நாணயம் அளவுக்கு ஓட்டை விழும், அதன் வழியே காலுறை தெரியும். ஸ்கேட்டர்களுக்கிடையே ஒருவர் எந்தக் காலை முன்னால் வைப்பவர், எந்த வித்தையைப் பழகுகிறார் என்பதை அந்த ஓட்டையின் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஓலி என்றால் வெளியோரத்தில் தேயும். கிக்ஃப்ளிப் அடிப்பவருக்கு விரல் நுனிப் பக்கம். காலணிக் கயிறும் தப்பாது, மணிகள் அறுத்துவிடும்.

1966ல் கலிபோர்னியாவின் அனஹைமில் தொடங்கிய வான்ஸ் கடையின் காலணிகளை ஸ்கேட்டர்கள் தேடிப் போனது அதன் தடித்த, கட்டம் போட்ட ரப்பர் அடிக்காக. 1976ல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா இருவரின் யோசனையோடு வான்ஸ் எரா என்ற ஸ்கேட் காலணி வந்தது. ஓலிக்குப் பிறகு அடியைவிட மேல்பக்கம் முக்கியமானது. துணிக்குப் பதிலாக ஸ்வேட் தோல், தேயும் இடத்தில் ஈரடுக்கு, மும்முறைத் தையல், முன்முனையில் தோலுக்கடியில் ரப்பர் என ஒவ்வொரு மாற்றமும் அந்தக் கறுப்புத் தாளுக்குத் தாக்குப்பிடிக்கச் செய்ததுதான். இன்று ஸ்கேட்போர்டு ஏறியே பார்க்காதவர்களும் நாகரிகத்துக்காக அணியும் அந்தக் காலணிகளின் வடிவத்தில் கிரிப் டேப்பின் கை இருக்கிறது.

காலணியே இல்லாமல் ஏறியவர்களும் உண்டு. அதில் நம்மூருக்குப் பங்கிருக்கிறது. கலிபோர்னியாவில் நடந்தது போலவே மாமல்லபுரத்திலும் கடல் அலையும் தெருப் பலகையும் ஒன்றாக வளர்ந்தன. அங்கே கவுன் போட்ட ஒரு சிறுமி வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சரிவிறங்கும் புகைப்படத்தைப் புகழ்பெற்ற ஸ்கேட்டர் டோனி ஹாக் பகிர்ந்தபோது உலகம் முழுக்க அது பரவியது. மீனவர் குடியிருப்பில் வளர்ந்த அந்தச் சிறுமியையும் அவர் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த ‘கமலி’ என்ற ஆவணக் குறும்படம் 2020ல் பாஃப்டாவின் சிறந்த பிரிட்டிஷ் குறும்படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஆண்டு அந்தப் பிரிவில் விருதை வென்றதும் ஸ்கேட்போர்டு படமே. காபூலில் சிறுமிகள் பலகை ஏறக் கற்றதைச் சொன்ன அந்தப் படம் ஆஸ்கரும் பெற்றது. வெறுங்கால் கிரிப் டேப்பில் ஏறி இறங்குவது எளிதல்ல. நிற்கும்போது தெரியாது, ஓலிக்காகப் பாதத்தின் ஓரத்தை இழுத்தால் தோல் உரியும். மணலிலும் பாறையிலும் நடந்து தடித்த பாதங்களால்தான் அதைத் தாங்க முடியும்.

தாளை ஒட்டுவது ஒரு கைவேலை. கடையில் புதுப் பலகை வாங்குபவர்கள் பெரும்பாலும் அங்கேயே ஒட்டித் தரச் சொல்வார்கள். தெரிந்தவர் கையில் சில நிமிட வேலை. பசையை மூடிய காகிதத்தை உரித்து, தாளின் இரு முனையையும் பிடித்து விறைப்பாகப் பலகையின்மேல் இறக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போனால் காற்று வெளியேறும். பலகை நடுவில் குழிந்து இரு முனையிலும் மேலே வளைந்திருப்பதால், அந்த வளைவுகளில்தான் குமிழி தங்கும். தங்கினால் ஊசியால் குத்தி அமுக்க வேண்டும். இந்தத் தொல்லையைத் தவிர்க்க மாப் போன்ற நிறுவனங்கள் தாள் முழுவதும் நுண்துளைகளிட்டே விற்கின்றன. பிறகு ஸ்க்ரூடிரைவரின் தண்டைச் சாய்த்துப் பலகையின் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்ப்பார்கள். மணிகள் உதிர்ந்து, பலகையின் வடிவத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெளியும். அந்தக் கோட்டை ஒட்டிப் பிளேடை அடியிலிருந்து சாய்த்துச் செலுத்தினால், மிச்சத் தாள் ஒரே நாடாவாகக் கழன்று வரும். வெட்டிய துண்டாலேயே ஓரத்தைத் தேய்த்து மழுக்குவார்கள். இல்லாவிட்டால் அங்கிருந்து தாள் உரியத் தொடங்கும். கடைசியாக, சக்கர அச்சைப் பூட்டும் எட்டு போல்ட்டுகளுக்கான துளைகளைக் கீழிருந்து குத்தித் திறப்பார்கள்.

எந்தத் தாள் நல்லது என்பதில் ஸ்கேட்டர்கள் ஒத்துப்போனதே இல்லை. மலைச் சாலையில் நீளப் பலகையில் வேகமாக இறங்குபவர்களுக்குக் கால் இம்மியும் அசையக் கூடாது. அவர்கள் பெருமணித் தாளைத் தேடுவார்கள். கிக்ஃப்ளிப் வகைகளை அடிப்பவர்களில் பலருக்குப் புதுத் தாளே பிடிக்காது. அது காலைக் கவ்வி, சுண்ட வேண்டிய நேரத்தில் விடாது என்பார்கள். கொஞ்ச நாள் ஓட்டி மழுங்கிய பிறகுதான் பலகை கைக்கு வந்தது என்பார்கள். பார்க்கப்போனால் இருவருமே தங்கள் ஆட்டத்துக்குச் சரி. தூசியும் காலணி ரப்பரும் மணிகளுக்கிடையே அடைத்துக்கொண்டால் பிடிப்பு தானாகக் குறையும். மரப்பட்டறையில் தேய்ப்பு எந்திரத்தின் பெல்ட்டைச் சுத்தம் செய்யப் பயன்படும் ரப்பர்க் கட்டியால் உரசினால் அழுக்கு உருண்டு வந்துவிடும்.

தாளிலேயே அடையாளம் வைப்பவர்களும் உண்டு. பலகையின் இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், எது மூக்கு எது வால் என்று குனிந்து பார்த்த நொடியில் தெரிய, குறுக்கே ஒரு கீற்றை வெட்டி மரம் தெரிய விடுவார்கள். ஸ்கேட்டர் டோரே பட்வில் தொடங்கிய கிரிஸ்லி நிறுவனத்தின் தாளில் கரடி உருவம் வெட்டியெடுக்கப்பட்டிருக்கும். பெயின்ட் பேனாவால் அதில் படம் வரைபவர்கள், பல நிறத் தாள்களை வெட்டி இணைத்துச் சித்திரமாக ஒட்டுபவர்கள் என்று தனிக் கலையே வளர்ந்திருக்கிறது. சில நாட்களில் காலணி அதைத் தேய்த்து அழித்துவிடும் என்று தெரிந்தேதான் வரைகிறார்கள்.

பலகை உடைந்தால் தாளும் அதோடு போகும். ஏழு அடுக்கு மேப்பிள் மரத்துக்கு மறுவாழ்வு தருபவர்கள் இருக்கிறார்கள். டோக்கியோவைச் சேர்ந்த சிற்பி ஹரோஷி, ஓட்டித் தேய்ந்த பலகைகளை அடுக்கி ஒட்டி, செதுக்கி, அடுக்குகளின் வண்ணங்களே வரிகளாகத் தெரியும் சிற்பங்களாக மாற்றுகிறார். மோதிரம், கிண்ணம், கிட்டார் செய்பவர்களும் உண்டு. ஆனால் இவர்கள் எல்லாருமே முதலில் கிரிப் டேப்பை உரித்தாக வேண்டும். தலைமுடி உலர்த்தியால் பசையைச் சூடாக்கி, ஒரு மூலையைக் கிளப்பி, நிதானமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் துண்டு துண்டாகக் கிழிந்து வரும். மணி, ரெசின், முதுகு, பசை நான்கும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டதால், உரித்த தாளை மறுசுழற்சிக்கு அனுப்ப வழியில்லை. உலகெங்கும் இத்தனை பலகைகளிலிருந்து உரியும் தாள் குப்பைமேட்டுக்கே போகிறது. மரத்துக்குக் கிடைக்கும் அக்கறையைத் தாளுக்கும் காட்ட, அதைத் தயாரிப்பவர்கள் முன்வர வேண்டிய நேரம் இது.